பேர் எழுதாத சப்பரம்

எங்க கெங்கையம்மன் அந்த வருஷம் மாசி மகத்துக்குக் கடலுக்குப் போனாளே, அத எத்தினி பேருக்குச் சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சொல்றப்பல்லாம் ஒடம்பு சிலுத்துக்குது. மீன் விக்கிறவ வாயாச்சே, கொஞ்சம் ஊதித்தான் சொல்லுவான்னு நெனைக்காதீங்க. வஞ்சிரத்துக்கு வேணா ஊதுவேன். அம்மனுக்கு நான் ஊத வேண்டிய அவசியமே இல்ல.

எம்பேரு அஞ்சலாட்சி. புதுச்சேரி டவுனுக்கு வடக்கால புன்னைக்குப்பம் எங்க ஊரு. காலையில அன்னக்கூடையத் தலையில தூக்குனா லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் மொத்தமும் சுத்திட்டுத்தான் எறக்குவேன். சுனாமியில எம்புருஷன் பாவாடை போயிட்டாரு. கரையில குந்தி வலையப் பிரிச்சிகிட்டிருந்த மனுஷன். எம்மவன் செல்வகுமாரு அப்பன் கையப் புடிச்சிகிட்டிருந்தான். கை நழுவிடுச்சி. அவ்ளோதான், அதுக்கு மேல அவனும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

அன்னியிலருந்து அந்தப் புள்ள கடல்ல கால் வைக்கல. வைக்காதது கூடப் பரவால்ல, திரும்பிப் பாக்கக் கூட மாட்டான். வூட்ல கடலப் பாத்த ஜன்னலுக்குப் பலகை வச்சி ஆணி அடிச்சிட்டான். நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல போயி, டூரிஸ்ட்டுங்க ஏறுற படகுக்குக் கயிறு புடிக்கிற வேலையில சேந்தான். அங்க ஓடுறது ஆத்துத் தண்ணி. அந்தப் படகு போயி நிக்கிற கடற்கரைக்கு ஒருநாளும் அவன் ஏறிப் போனதில்ல. ராத்திரி தூக்கத்துல கைய நீட்டி நீட்டிக் காத்தப் புடிப்பான். பெத்தவ பாத்துகிட்டு படுத்திருப்பேன். கடலுக்குப் போயி அவன் எனக்குக் கொட்டித் தரணும்னு நான் கேக்கல. எங்க போனாலும் அந்தப் பயத்தத் தூக்கிகிட்டுத்தானே போவான், அதுதான் எனக்குத் தாங்கல.

எங்க அம்மனும் அப்படித்தான் ஆயிப்போனா. மாசி மகம்னா ஊரு ஊரா இருக்குற சாமியெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி ஆடும். மயிலத்து முருகன் வருவாரு, தீவனூர்ப் புள்ளையாரு வருவாரு. எங்க கெங்கையம்மன் ஒரு வருஷம் தவறுனதில்ல. சுனாமி வந்து கோயிலயே வாரிக்கிட்டுப் போச்சி. சப்பரம், குடை, வாகனம் எல்லாம் போச்சி. உற்சவ அம்மன் மட்டும் சவுக்குத் தோப்பு மண்ணுல கெடைச்சா. பூசாரி கலியமூர்த்திதான் தோண்டி எடுத்து, துணியில சுத்தி, யாருக்கும் காட்டாம, கோயில் இருந்த எடத்துல போட்ட கொட்டாய்க்குள்ள கொண்டு போயி வச்சாரு. அடுத்த மகத்துக்கு அவ வெளிய வரல. செல்வகுமாரு அன்னிக்குச் சொன்னான், "சாமியே பயந்து உள்ள குந்திகினு இருக்குது, என்ன மட்டும் ஏம்மா கேக்குற?"

அதுக்கும் அடுத்த மகம் வந்துச்சி. பையன் பேக்குல துணிய மடிச்சி வச்சிட்டான். "இந்த மகத்துக்கும் அம்மன் கடல்ல எறங்கலைன்னா நான் திருப்பூருக்கு பஸ் ஏறிடுறேம்மா. எறங்குனா, இருக்குறேன்." இவ்ளோதான் பேசுனான். அவன் பேசுனா பேசுனதுதான், அப்பன் மாதிரி.

அவ எறங்காம எங்க போவான்னு நான் தெம்பாத்தான் இருந்தேன். ஏன்னா அந்த வருஷம் எங்க அம்மனுக்கு இல்லாதது ஒண்ணும் இல்ல. தணிகாசலம் குடுத்திருந்தாரு.

தணிகாசலம் காண்ட்ராக்டரு. பொய் சொல்லக் கூடாது, சுனாமி அன்னிக்கு மொதல் மொதல்ல எங்களுக்குச் சோத்துப் பொட்டலம் கொண்டாந்தது அவருதான். அதுக்கு அந்தப் பொறப்பு நல்லா இருக்கட்டும். ஆனா பொட்டலத்துக்கு மேலயும் அவரு மொகம் இருந்துச்சி. அப்புறம் 'தணிகாசலம் அறக்கட்டளை'ன்னு ஒண்ணு வச்சி, வூடும் படகும் குடுத்தாரு. எங்க குப்பத்துல அப்ப பேரு எழுதாத பொருளே கெடையாது. ஃபைபர் படகுல பேரு, ஐஸ் பெட்டியில பேரு, வூட்டு வாசப்படிக்கு மேல பலகையில பேரு. யாரு யாரோ வந்து குடுத்தாங்க, குடுத்தவங்க எல்லாம் பேர எழுதி வச்சிட்டுப் போனாங்க. நாங்களும் எழுதிக்கோன்னு வுட்டுட்டோம். ஒண்ணும் இல்லாதவங்க என்னத்த மறுக்குறது?

அம்மனுக்கும் அப்படியே செஞ்சாரு. புதுச் சப்பரம், முன்னால பித்தளைத் தகட்டுல 'உபயம் தணிகாசலம் அறக்கட்டளை'. வெண்பட்டுக் குடை, அதுல சுத்திலும் பேரு. சப்பரம் இழுக்க டிராக்டரு, அதுல சீரியல் பல்பு பேர எழுதி எழுதி அணையும். அம்மனுக்குக் கட்டுன பொடவையில முந்தானையிலயே பேரு. எல்லாத்துக்கும் மேல வெள்ளிக் கவசம், தலையிலருந்து பாதம் வரைக்கும். அதுல அம்மன் மாருக்கு நேரா எழுத்து எழும்புறாப்ல அடிச்சிருந்தாங்க. சுனாமிக்குப் பெறகு அவ மொகத்த நாங்க யாரும் பாத்ததில்ல. வெள்ளி மொகத்தத்தான் கும்புட்டோம்.

மகத்துக்கு முன்னாலயே எலக்ஷன் தேதி அறிவிச்சிட்டாங்க. தணிகாசலத்துக்குத்தான் சீட்டுன்னு அவரு ஆளுங்க ஊரெல்லாம் வெடி வெடிச்சாங்க. எலக்ஷன் ஆபீஸ் ஆளுங்க வந்து செவுத்து எழுத்தெல்லாம் சுண்ணாம்பு அடிச்சி அழிச்சாங்க. நான் அதெல்லாம் காதுல வாங்கல. எனக்கு அம்மன் போவணும், எம்மவன் அதப் பாக்கணும்.

மகத்தன்னிக்குக் காலையில சப்பரம் பூவும் பல்புமா கோயில் வாசல்ல நிக்குது. பசங்கள்ளாம் தணிகாசலம் மொகம் போட்ட நீல பனியன் மாட்டிகினு நிக்குறானுங்க. தணிகாசலம் பரிவட்டம் கட்டிக்கிறதுக்கு வெள்ளை வேட்டியில வந்து நிக்குறாரு. செல்வகுமாரு கூட்டத்துக்கு அந்தாண்ட, கடலுக்கு முதுகக் காட்டிகினு, பேக்கத் தோள்ல மாட்டிகினு நிக்குறான். அப்பத்தான் ஒரு ஸ்கூட்டி வந்து நின்னுச்சி.

எறங்குனது ஒல்லியா ஒரு பொண்ணு. பின்னால வீடியோ கேமராவோட ஒரு ஆளு. அந்த ஆள எனக்கு நல்லாத் தெரியும், இனியவன், எங்க பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் வீடியோ எடுக்குறவன். பொண்ணு பேரு சுமலதா, ஏதோ ஆபீஸ்ல கிளார்க்கு, எலக்ஷன்ல யாராவது விதி மீறுனா படம் புடிக்க ரெண்டு பேரையும் எங்க பக்கம் போட்டிருந்தாங்கன்னு அப்புறம் தெரிஞ்சிகிட்டேன். செருப்பக் கழட்டுச்சி. அம்மன நின்னு கும்புட்டுச்சி. பூசாரிகிட்ட குங்குமம் வாங்கி வச்சிகிச்சி. சரி, நல்ல பொண்ணுன்னு நெனைச்சேன்.

அப்புறம் மெதுவா வாயத் தொறந்துச்சி. "ஐயா, சப்பரம் இப்படிப் போக முடியாது. தேர்தல் நடக்குது. போட்டி போடப் போறவரு பேரு சாமி ஊர்வலத்துல இருக்கக் கூடாது."

எங்க பஞ்சாயத்துத் தலைவரு முருகையன் மாமா, பாவம், கையப் பெசஞ்சாரு. தணிகாசலம் சிரிச்சாரு. "மேடம், அது கட்சி பேரா? அறக்கட்டளை பேரு. தர்ம காரியம். கட்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பேரு உங்க பேரு சார். பனியன்ல மொகம் உங்க மொகம்."

"குடுத்தவன் பேரு போடுறது நம்ம வழக்கம் மேடம். கோயில் டியூப் லைட்ல கூட போடுறாங்க."

"மத்த நாள்ல போட்டுக்கலாம் சார். இப்ப முடியாது. கோயிலையும் சாமியையும் ஓட்டுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நான் அம்மனத் தடுக்க வரல. பேர மட்டும்தான் தடுக்குறேன்."  பையிலருந்து வெள்ளைத் தாளும் பசையும் எடுத்துச்சி. "மறைச்சிட்டுப் போங்க. நானே ஒட்டித் தர்றேன்."

சப்பரத் தகட்டுல ஒட்டுச்சி. குடையில ஒட்டுச்சி. நான் பல்லக் கடிச்சிகினு பாத்துகினு இருந்தேன். ஒரு தாள எடுத்துகிட்டு அம்மன் கிட்ட போயி, அந்த வெள்ளிக் கவசத்து எழுத்தப் பாத்துகிட்டே நின்னுச்சி பாரு, எனக்கு எங்கிருந்து வந்துச்சோ ஆங்காரம்.

"ஏ பொண்ணே! எங்காத்தா மாருல பேப்பர் ஒட்டுவியா நீ? ஒட்டிப் பாரு, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்! குங்குமத்த வாங்கி நெத்தியில வச்சிகினு பண்ற வேலையா இது?"

குப்பமே எங்கூட சேந்து கத்துச்சி. அந்தப் பொண்ணு வெலவெலத்துப் போயி நின்னுச்சி. கண்ணு கலங்கிடுச்சி. ஆனா பின்னால நகரல. "எனக்கும் அத ஒட்ட மனசு வரலம்மா," ன்னுச்சி. "ஆனா அந்த எழுத்தோட வுட முடியாது."

அப்பத்தான் தணிகாசலத்த நான் திரும்பிப் பாத்தேன். அவருக்குக் கோவமே இல்லைங்க. மொகத்துல ஒரு சந்தோஷம். கூட வந்த போட்டோக்காரங்கிட்ட மெதுவாச் சொல்றாரு, "அம்மன் கிட்ட அந்த அம்மா பேப்பரோட நிக்குது பாரு, அத எடு." அப்புறம் எல்லாருக்கும் கேக்குறாப்ல கைய ஒசத்துனாரு. "யாரும் சண்டை போடாதீங்க! அம்மனுக்கு அவமானம் பண்ணி ஊர்வலம் வேணாம். இந்த வருஷமும் அம்மன் போவல. போவவிடாம தடுத்தது யாருன்னு ஜனங்க பாத்துக்கட்டும். ஓட்டுப் போடுறப்ப ஞாபகம் வச்சிக்கட்டும்!"

அவரு கணக்கு எனக்கு அப்பத்தான் புரிஞ்சிது. அம்மன் போனா அவருக்கு ஒரு ஓட்டு, போவலைன்னா பத்து ஓட்டு. அந்தாண்ட பாத்தேன். செல்வகுமாரு பேக்கு வாரச் சரி பண்ணிகிட்டு ரோட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சிட்டான்.

அந்த நேரம் என்னப் புடிச்சி நிறுத்தியிருந்தா எமனா இருந்தாலும் ரெண்டா கிழிச்சிருப்பேன். ஓடிப்போயி சப்பரத்துப் பித்தளைத் தகட்டுல ரெண்டு கையையும் குடுத்து இழுத்தேன். ஆணியோட வந்துச்சி. "எடுங்கடா எல்லாத்தையும்! அவ என்ன இந்தாளு கடையில வேலை பாக்குறாளா, பேரப் போட்டுகினு நிக்க? ஒண்ணும் வேணாம். எது எதுல பேரு இருக்கோ அத்தனையும் எறக்குங்க!"

முருகையன் மாமா, "அஞ்சலாட்சி, ஆத்திரப்படாத"ன்னாரு.

"மாமா, அவ போவாம எம்மவன் போயிட்டா அப்புறம் உங்க கோயில்ல நான் சூடம் ஏத்த மாட்டேன்"னேன்.

பொம்பளைங்கதான் மொதல்ல வந்தாங்க. பக்கத்து வூட்டு சின்னப்பொண்ணு குடையப் புடுங்குனா. ஒருத்தி பல்பு ஒயர அறுத்தா. டிராக்டரு ஓரம் போச்சி. பசங்கள அந்தப் பொண்ணு பாத்துச்சி. அவனுங்களே பனியனக் கழட்டிச் சப்பரத்து மேல போட்டானுங்க. சப்பரத்துத் தூணு, பலகை எல்லாத்துலயும் பேரு செதுக்கியிருந்துச்சி, அதனால சப்பரமே வேணாம்னுட்டோம். கடைசியா கவசம் மட்டும் மிச்சம்.

"கவசத்த மட்டும் எடுக்கக் கூடாது," ன்னு பூசாரி குறுக்க நின்னாரு.

"ஏன் அண்ணே?"

அவரு வாய் கொழறுச்சி. "அடிபட்டிருக்காடி. சுனாமியில அடிபட்டிருக்கா. அதான் நான் யாருக்கும் காட்டல. கவசம் வந்ததும் மூடிட்டேன்."

 நான்தான் சொன்னேன், "இங்க அடிபடாதவங்க யாரு இருக்கா? எடுங்க."

அழுதுகிட்டே எடுத்தாரு. பேரு போட்ட பொடவையையும் உருவிட்டு, மஞ்சத் தண்ணியில நனைச்ச வெறுந்துணியச் சுத்துனாரு. அப்புறம் எங்கள நோக்கித் திருப்புனாரு.

யம்மா தாயே. முழங்கால் ஒசரம்கூட இல்ல அவ. கறுத்துப் போயிருந்தா. எடது கன்னத்துலருந்து கழுத்து வரைக்கும் ஒரு பெரிய காயம், கல்லுல மோதி இழுத்த தடம், அதுல மண்ணு இன்னும் அப்பிக்கிட்டு இருந்துச்சி. ஒரு கை விரலு நசுங்கியிருந்துச்சி. ஆனா கண்ணு அப்படியே இருந்துச்சிங்க. நேரா கடலத்தான் பாத்துச்சி. வெள்ளிக்குள்ள இத்தினி நாளா இவதான் இருந்தாளா! குப்பத்துல ஒரு கொழந்தை கூட அழல. நான் அதுக்கு முன்னால எவ்ளோவோ தடவை சாமி கும்புட்டிருக்கேன், ஆனா சாமியப் பாத்தேன்னு சொன்னா அன்னிக்குத்தான் பாத்தேன்.

எல்லாரும் கீழ வுழுந்து எழுந்தோம். எழுந்த பெறகுதான் ஒறைச்சுது, இவள எதுல வச்சித் தூக்குறது? கட்டில்ல வைக்கலாம்னா கட்டில் ஒரு தொண்டு நிறுவனம் குடுத்தது, அதுல அவங்க பேரு. ஃபைபர் படகுல வைக்கலாம்னா அதுல தணிகாசலம் பேரு. ஐஸ் பெட்டி மூடியக்கூட பாத்தோம், வெக்கக்கேடு. எங்க குப்பத்துல எங்களுக்குன்னு ஒரு பலகை இல்லைங்கறது அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. தணிகாசலம் கையக் கட்டிகிட்டு, "பேரு இல்லாத பொருளாப் பாத்து எடுத்துட்டு வாங்க"ன்னாரு.

"இருக்குது," ன்னு ஒரு கொரலு.

செல்வகுமாரு. ரோட்டுலருந்து திரும்பி வந்து கூட்டத்துக்கு நடுவுல நிக்குறான். அம்மன் மொகத்தையே பாக்குறான், அந்தக் காயத்தையே பாக்குறான். பேக்கு தோள்லருந்து நழுவி மண்ணுல கெடக்குது.

"அப்பாவோட கட்டுமரம் இருக்குது," ன்னான்.

 அது எங்க வூட்டுக்குப் பின்னால கெடந்த மரங்க. சுனாமிக்கு அப்புறம் எங்கெங்கயோ செதறிக் கெடந்தத ஒவ்வொண்ணாத் தேடிக் கொண்டாந்து அடுக்கி வச்சிருந்தான். ஒருத்தரையும் தொட வுட மாட்டான். கொடிக் கயிறு கட்டக்கூட என்ன வுட்டதில்ல. இப்ப அவனே போயி, பசங்களக் கூப்புட்டு, ஒவ்வொரு மரமாத் தூக்கியாந்து கோயில் வாசல்ல போட்டான். அப்பன் கட்டுற மாதிரியே பக்கத்துல பக்கத்துல வச்சி, கயிறப் போட்டு, கால வச்சி இழுத்து முடிச்சிப் போட்டான். 

அந்த எலக்ஷன் பொண்ணு கிட்ட வந்து மரத்தச் சுத்திச் சுத்திப் பாத்துச்சி. அது வேலை அது. உப்புப் பூத்த மரம், ஆணி கெடையாது, பெயிண்ட்டு கெடையாது. இனியவனப் பாத்து, "வீடியோ எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, அம்மன் பக்கம் திரும்பிக் கையக் கூப்பிகிச்சி.

தணிகாசலம் வுடுவாரா? வேட்டிய மடிச்சிக் கட்டிகினு, "சரி, நானும் ஒரு தோள் குடுக்குறேன்"னு முன்னால வந்தாரு. போட்டோக்காரனும் கூடவே ஓடியாந்தான்.

சுமலதா சொல்லுச்சி, "தாராளமா வாங்க சார். ஆனா இவரு மட்டும் வரக் கூடாது." போட்டோக்காரனக் காட்டுச்சி. "நீங்க பக்தரா வர்றீங்க. படம் வேணாம்தானே?"

தணிகாசலம் ஒரு நிமிஷம் நின்னாரு. அம்மனப் பாத்தாரு, போட்டோக்காரனப் பாத்தாரு. அவரு வந்திருந்தா நான் வழி வுட்டிருப்பேன், சத்தியமா. வரல. காருல ஏறிட்டாரு. ஏறுறதுக்கு முன்னால, "நான் குடுத்த வூட்லதான எல்லாரும் இருக்குறீங்க"ன்னாரு.

"வூடு குடுத்தீங்க ஐயா, நல்லா இருங்க. அவள நீங்க குடுக்கல," ன்னேன்.

கட்டுமரத்துல அம்மன வச்சிக் கட்டி, வேப்பிலை சாத்தி, பசங்க தோள்ல ஏத்துனானுங்க. குடை இல்ல, வெளக்கு இல்ல, மேளம் இல்ல. மேளக்காரனும் தணிகாசலம் ஏற்பாடு, அவரு காருக்குப் பின்னாலயே போயிட்டான். பொம்பளைங்க கொலவை மட்டும் போட்டோம். வைத்திக்குப்பம் போற வழி பூரா தாரு கொதிக்குது. சுமலதா செருப்பக் கோயில் வாசல்லயே மறந்துட்டு வெறுங்கால்ல எங்கூட ஓட்டமா வருது. இனியவன் பொண்ணு மாப்பிள்ளைய எடுக்குற பழக்கத்துல பின்னாலயே நடந்து நடந்து எடுத்துகிட்டு வந்தான்.

வைத்திக்குப்பம் கடற்கரையில மண்ணு தெரியல, தலைங்கதான். கண்ணுக்கு எட்டுன தூரம் குடையும் பல்லக்கும், பட்டும் தங்கமும், ஒவ்வொரு சாமியும் ஜகஜகன்னு நிக்குது. அதுக்கு நடுவுல நாங்க, சட்டை இல்லாத பசங்க தோள்ல உப்புக் கட்டையும், அதுல கன்னத்துல காயத்தோட ஒரு சின்ன அம்மனும். எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சி, ஏன் மறைக்கணும்? யாராவது சிரிச்சா மண்ண வாரித் தூத்துறதுன்னு மடியில முடிஞ்சி வச்சிருந்தேன்.

யாரும் சிரிக்கலைங்க. மொதல்ல கிட்ட இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் அவங்களுக்குப் பின்னால இருந்தவங்க. "யாருடி இது?" "புன்னைக்குப்பத்துக் கெங்கையம்மாடி, சுனாமியில போனவ." சொல்லச் சொல்ல அப்படியே வழி வுட்டுச்சி கூட்டம். பெரிய பெரிய சாமி தூக்குறவங்க எல்லாம் பல்லக்கத் தள்ளி வச்சி எடம் குடுத்தாங்க. எந்தக் கோயில் நாயனக்காரரோ தெரியல, வயசானவரு, அவரு சாமிய வுட்டுட்டு எங்க முன்னால வந்து நின்னு வாசிக்க ஆரம்பிச்சாரு. நான் மடியில இருந்த மண்ணக் கீழ கொட்டிட்டு அழுதேன். இவ்ளோ ஜனமும் இவ்ளோ சாமியும் எங்களுக்கு வழி வுடுறத என் சென்மத்துல பாப்பேன்னு நான் நெனைச்சதே இல்ல.

தீர்த்தவாரின்னா எப்பவும் அலை ஓரத்துல சப்பரத்த நிறுத்தி, பூசாரி கொடத்துல தண்ணி மொண்டாந்து ஊத்துவாரு. அவ்ளோதான் வழக்கம். சப்பரத்தக் கடல்ல எறக்க முடியுமா? பசங்க அலை ஓரத்துல நின்னானுங்க. பூசாரி கொடத்த எடுத்தாரு. ஒரு அலை வந்து அவனுங்க முழங்கால அடிச்சிது. பின்னாலயே இன்னொண்ணு, இடுப்பு வரைக்கும். அந்த மரம் இருக்கே, அது ஆயுசு பூரா கடலுக்குப் போன மரம். தண்ணி பட்டதும் தோள்லருந்து தானா எழும்பிடுச்சி. பசங்க கைய வுட்டுட்டானுங்க.

எங்க அம்மன் கடல்ல மெதக்குறா.

சரிஞ்சிடுவாளோன்னு எல்லாரும் ஐயோன்னு கத்துறோம். பின்னால மரத்தக் கெட்டியாப் புடிச்சிகிட்டு ஒருத்தன் மட்டும் வுடாம இருந்தான். அலை அவன் தலைக்கு மேல போச்சி, கை வுடல. அடுத்த அலை வந்துச்சி, மரத்தோட மூக்க அதுக்கு நேராத் திருப்புனான், ஏறி எறங்குச்சி. அவ கொஞ்சம்கூட சாயல. கடல் நனைச்ச மொகத்தோட வெயில்ல மின்னுனா பாருங்க, அந்த வெள்ளிக் கவசம் என்னத்துக்கு ஆவும்! கரை மொத்தமும் தலைக்கு மேல கையத் தூக்கிடுச்சி. பக்கத்துல இனியவன், "மேடம், எங்கயும் ஒரு பேரும் தெரியல"ன்னான். அந்தப் பொண்ணு காதுலயே வாங்கல. இடுப்பு வரைக்கும் பொடவை நனைய தண்ணியில நின்னு, தலைக்கு மேல கையக் கூப்பிகினு அழுதுகிட்டு இருந்துச்சி. சண்டை போட்டவ நான்தான் போயி அதோட தோளப் புடிச்சிகிட்டேன்.

புடிச்சிகிட்டே, மரத்துக்குப் பின்னால இருந்த அந்தத் தலையப் பாத்தேன். அது எவன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வாய் வரல. கூப்புட்டா பயந்துடுவானோன்னு எனக்குப் பயம். அவனே கரையத் திரும்பிப் பாத்தான். அவ்ளோ ஜனத்துல என்னத் தேடிக் கண்டுபுடிச்சான்.

"எம்மா!" ன்னு கத்துனான். "எம்மா, இங்க காலு எட்டலம்மா!"

சிரிக்குறான்.